முன்பாரமா... பின்பாரமா?

ஒரு ஜீப், பின்னாடி படுக்கை, அடுப்போட ஒரு கேரவன் டிரெய்லர்... ஃப்ரெண்ட்ஸோட ஊர் சுத்தக் கனவா பாஸ்? சூப்பர்! ஆனா, டிரெய்லரைப் பார்த்ததும் மயங்கிடாதீங்க. முதல்ல, இழுக்கப்போற வண்டியோட கையேட்டைப் புரட்டுங்க. எத்தனை கிலோ இழுக்கலாம்னு அதுல போட்டிருக்கணும். இல்லையா? அந்த வண்டி வேண்டாம்.

காலி டிரெய்லரோட எடை கணக்கே இல்லை. தண்ணி, சிலிண்டர், மூட்டை முடிச்சு எல்லாம் ஏத்தின எடைதான் கணக்கு. அதுல 10 முதல் 15 சதவிகிதம் இணைப்புக் கொக்கியில இறங்கணும். 1,000 கிலோன்னா 100 முதல் 150 கிலோ. அதாவது, ஜீப்புல ரெண்டு பேர் சீட் காலி!

தளவாய்புரத்துல மாட்டுவண்டி ஓட்டின தாத்தாக்களைக் கேளுங்க... முன்பாரம், பின்பாரம்னு பாடமே எடுப்பாங்க. பின்பாரம் கூடினா மாட்டுவண்டியில நுகத்தடி தூக்கும். டிரெய்லர்ல வால் ஆடும். வேகமும் சேர்ந்தா ஜீப்பையே புரட்டிடும்.

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில, ஏத்தத்துல இழுக்கிறது இன்ஜின் வேலை. இறக்கத்துல நிறுத்துறது பிரேக் வேலை. அதனால டிரெய்லருக்கும் தனி பிரேக் இருக்கான்னு பாருங்க. ஆர்.டி.ஓ. பதிவும் தனியா வேணும்.

'இழுக்குமா?'ன்னு எல்லாரும் கேட்பாங்க. நீங்க, 'நிக்குமா?'ன்னு கேளுங்க. உள்ளே உட்கார்ந்திருக்கிறது உங்க ஃப்ரெண்ட்ஸ்!