ஆப் ரெடி... பிளே ஸ்டோரில் வர ஏன் தாமதம்? ஸ்டார்ட்அப்கள் கவனிக்க வேண்டியது என்ன?

‘கோடிங் முடிஞ்சா அடுத்த நாளே லான்ச்’ என்று தேதி குறிக்கும் ஸ்டார்ட்அப்கள் சறுக்குவது கடைசிக் கட்டத்தில்தான். காரணம், கூகுள் பிளே டெவலப்பர் கணக்கு.

என்ன விதி?

2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் பெயரில் தொடங்கிய கணக்கு என்றால், ஆப்பை நேரடியாக எல்லோருக்கும் வெளியிட முடியாது. முதலில் குறைந்தது 12 பேர், தொடர்ந்து 14 நாட்கள் சோதனையில் இணைந்திருக்க வேண்டும். முன்பு இது 20 பேராக இருந்தது. 2024 டிசம்பரில் குறைக்கப்பட்டது. அதன் பிறகுதான் வெளியீட்டு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். பரிசீலனைக்குத் தனியாக நாள் பிடிக்கும்.

வேறு வழி இருக்கிறதா?

நிறுவனப் பெயரில் கணக்கு தொடங்கினால் இந்தச் சோதனை கட்டாயமில்லை. ஆனால் ‘டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்’ வழங்கும் டி-யு-என்-எஸ் எண் வேண்டும். இது இலவசம்தான், கைக்கு வர 30 நாட்கள் வரை ஆகலாம். ஆப்பிளிலும் நிறுவனக் கணக்குக்கு இதே எண் தேவை.

கட்டணம் எவ்வளவு?

கூகுளுக்கு ஒரே முறை 25 டாலர். ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர்.

எப்போது தொடங்குவது?

கோடிங் தொடங்கும் நாளிலேயே. நிறுவனம் பதிவாகியிருந்தால் உடனே எண்ணுக்கு விண்ணப்பிப்பது நல்லது. இன்னும் பதிவு ஆகலையா? தனிநபர் கணக்கைத் திறந்து, சோதனைக்கு 15 பேரையாவது திரட்டி வைக்கலாம். நடுவில் இரண்டு மூன்று பேர் கழன்றுகொண்டாலும் கணக்கு இடிக்காது. முதலீட்டாளரிடம் சொல்லும் லான்ச் தேதியில் இந்த வாரங்களும் சேர்ந்திருக்க வேண்டும்.