பழம்பொருள் வாணிபம்

ஒருவர் கழித்த பொருள் மற்றொருவருக்குச் செல்வமாவது உலகியல்பு. 1995-இல் பியர் ஒமிடியார் என்பார் அமெரிக்காவில் தாம் தொடங்கிய இணையச் சந்தையில், பழுதுற்ற லேசர் விளக்கொன்றை விற்பனைக்கு வைத்தார். அது 14.83 டொலருக்கு விலைபோயிற்று. பழுதறிந்தே வாங்குகின்றீரா என அவர் வினவ, அத்தகையவற்றைச் சேகரிப்பவரே தாம் என்றார் வாங்கியவர். அச்சந்தையே பின்னர் 'ஈபே' எனப் பெயர்பெற்றது.

நம் சிலாபம், புத்தளம் இளைஞரும் பழைய பித்தளை விளக்கு, தையல் இயந்திரம் முதலியவற்றை வாங்கித் துலக்கி, கைத்தொலைபேசி வழியே விற்று ஆதாயம் பெறலாம். குறையை மறையாது உரைப்பின், அது உழைப்பின் ஊதியமேயாம்.

ஆயின், மண்ணில் அகப்படுவது வேறு. கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டிய கோட்டை இன்றும் நிற்கின்றது. அதனருகே அவர்காலச் செப்புக்காசொன்று மாணவன் ஒருவனுக்கு அகப்பட்டால், அதனைப் படமெடுத்து விலை கூறலாமோ? கூடாது. 1815 மார்ச் 2-ஆம் நாளுக்கு முற்பட்டு, கண்டறியப்படாது கிடக்கும் தொல்பொருள் அரசின் உடைமை என்பது 1940-ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரமின்றி அதனை வெளிநாட்டுக்கு அனுப்புதலும் குற்றமாகும்.

சட்டம் ஒருபுறமிருக்க, காசு எங்கே, எவற்றோடு கிடந்தது என்பதே வரலாற்றுச் சான்று. இடம் மறைந்தபின் காசு வெறும் செம்பே. தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவித்தலே முறை. பெற்றோரே, பிள்ளை ஈட்டிய பணத்தை எண்ணுமுன், பொருள் எங்கே கிடைத்ததெனக் கேளுங்கள்.