அண்ணன் இறங்கிய குழி

'சாக்கடைக் குழியில எறங்காதண்ணே, மானத்த விக்காத' என்றேன். இயக்கத்துக்குப் போன புதுசு. 'எறங்கலன்னா ஒன் ஹாஸ்டல் பீஸ எவன்டா கட்டுவான்?' என்றான். வாயடைத்துப் போனேன். நான் படித்த அம்பேத்கரும் அவன் குழிக்காசில் வாங்கியதுதான்.

மலமள்ள வைப்பதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொன்று. குழியில் செத்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் என்று 2023இல் உச்சநீதிமன்றம் சொன்னது. உயிரோடு தொழிலை விட்டவனுக்கு மறுவாழ்வுத் திட்டம் எழுதிவைத்த ரொக்கம் ஒரே தடவை 40,000. ஆறு வயிறுள்ள வீட்டில் அது எத்தனை மாசத்துக்குக் காணும்?

'தொழிலை உதறு' என்று மேடையில் முழங்குகிற தோழர்களே, உதறியவன் வீட்டில் மறுநாள் உலை வைப்பது யார்? அதைப் பேசாமல் அவனைக் கொள்கையில்லாதவன் என்று சொல்ல உங்களுக்கும் எனக்கும் என்ன யோக்கியதை?

அண்ணன் தன் மகனைக் குழிப்பக்கம் அண்டவிட்டதில்லை. அதற்கு எவரும் அவனுக்கு வகுப்பெடுக்கவில்லை.