எட்டால் வகுத்துப் பாருங்கள்

“100 எம்பிபிஎஸ் என்று சொல்லித்தானே கையெழுத்து வாங்கினார்கள்? கணினியில் ஒரு படத்தை இறக்கினால் 11, 12-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. மாதா மாதம் கட்டுகிற வெள்ளிக்கு இவ்வளவுதானா?”

சிம்பாங் பூலாய் வட்டாரத்தில் பழைய தொலைபேசிக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாறிய வீடுகளில் இந்தப் புகார் அடிக்கடி காதில் விழுகிறது. கோபம் நியாயமாகத் தெரியலாம். ஆனால் இங்கே யாரும் ஏமாற்றவில்லை. அளவுகோல்தான் இரண்டு.

கம்பியில் ஓடும் வேகத்தைச் சொல்வது ‘பிட்’ கணக்கு. கணினியில் இருக்கும் கோப்பை அளப்பது ‘பைட்’ கணக்கு. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆங்கிலத்தில் எழுதும்போது ‘பி’ சின்ன எழுத்தாக இருந்தால் பிட், பெரிய எழுத்தாக இருந்தால் பைட். ஆகவே 100 மெகாபிட்டை 8-ஆல் வகுத்தால் 12.5 மெகாபைட். 300 மெகாபிட் திட்டம் என்றால் 37.5.

அந்த 12.5-உம் முழுசாகக் கைக்கு வராது. தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. வாளியில் இருக்கும் ரப்பர் பாலின் எடை வேறு, அதில் இருக்கும் உலர்ந்த ரப்பரின் எடை வேறு. பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். இணையத்தில் கழிவு அவ்வளவு மோசமில்லை. அனுப்ப வேண்டிய முகவரி, சரிபார்ப்புக் குறிகள் என்று சில விழுக்காடு போகும். அதனால்தான் 12-க்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது.

வேகத்தைப் பிட் கணக்கில் சொல்லும் பழக்கம் தந்தி, தொலைபேசிக் காலத்திலிருந்து வந்தது. இலக்கமுறைத் தொலைபேசி நம் குரலை நொடிக்கு 8,000 முறை அளக்கும். ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதும். பெருக்கினால் 64,000 பிட். ஒருவர் பேசுவதற்கு 64 கிலோபிட் பாதை. ஐரோப்பிய முறையில் இப்படி 32 பாதைகளை ஒன்றாகக் கட்டினார்கள், அதுதான் 2.048 மெகாபிட் கொண்ட ‘இ1’ இணைப்பு. அமெரிக்காவில் 24 பாதைகளோடு நிறுத்திக்கொண்டு 1.544 மெகாபிட் ‘டி1’ என்றார்கள்.

வானொலிக்கும் இதில் பங்கு உண்டு. வெளி இடத்திலிருந்து நேரலை செய்ய, ஐஎஸ்டிஎன் இணைப்பில் இரண்டு 64-ஐச் சேர்த்து 128 கிலோபிட்டில் நிலையத்துக்கு ஒலி அனுப்புவது வெகுகாலம் வழக்கத்தில் இருந்தது. இன்று கைப்பேசியில் 128 கிலோபிட் வானொலியைக் கேட்டால் எவ்வளவு டேட்டா போகும்? நொடிக்கு 16 கிலோபைட், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 58 மெகாபைட். 1 ஜிகாபைட் இருந்தால் 17 மணி நேரம் கேட்கலாம். தயங்காமல் கேளுங்கள்!

டயல் அப் காலத்து 56 கிலோபிட் மோடம், மிக நன்றாக வேலை செய்தாலும் நொடிக்கு 7 கிலோபைட். 5 மெகாபைட் பாட்டு ஒன்றை இறக்க 12 நிமிடம். 2001-இல் ஸ்ட்ரீமிக்ஸ் வந்தது. அதுவும் அதே செப்புக் கம்பிதான். தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு தள்ளிப் போகப் போக வேகம் இறங்கிவிடும். பட்டணத்து வீட்டுக்கும் தோட்டத்து லயத்துக்கும் அந்தத் தூரமே பெரிய வித்தியாசம். 2010 மார்ச்சில் யூனிஃபை வந்தபோது 5, 10, 20 மெகாபிட் என்று திட்டங்கள் தொடங்கின.

செப்புக் கம்பியில் இன்னொரு குறை, இறக்கும் வேகத்தைவிட ஏற்றும் வேகம் மிகக் குறைவு. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து பள்ளிப் பாடம் செய்த பிள்ளைகளுக்கு அதுதான் கழுத்தை நெரித்தது. ஆசிரியருக்கு 50 மெகாபைட் காணொலி அனுப்ப வேண்டும் என்று வையுங்கள். 8-ஆல் பெருக்கினால் 400 மெகாபிட். ஏற்றும் வேகம் அரை மெகாபிட் என்றால் 800 நொடி, அதாவது 13 நிமிடத்துக்கும் மேல். 50 மெகாபிட் இருந்தால் 8 நொடி. பிள்ளை சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

சரி, 8-ஆல் வகுத்தும் கணக்கு இடிக்கிறதா? 300 மெகாபிட் வாங்கியும் 12 மெகாபைட்டிலேயே நிற்கிறதா? வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110-இல் வந்த கார், சிம்பாங் பூலாயில் இறங்கிக் கேமரன் மலைப்பாதையில் ஏறினால் அதே வேகத்தில் போக முடியாது. இணையமும் அப்படித்தான். வழியில் இருக்கும் மிக ஒடுக்கமான இடமே வேகத்தைத் தீர்மானிக்கும்.

பழைய ரௌட்டரின் துளை 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். கம்பியும் காரணமாகலாம். கம்பிக்குள் 8 இழைகள் இருக்கின்றன. 100-க்கு 4 இழை போதும். 1,000 மெகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும்.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். வைஃபையை விட்டு, கம்பியில் மடிக்கணினியைச் செருகிச் சோதியுங்கள். இணைப்பு வேகம் 100 என்று காட்டுகிறதா, 1,000 என்று காட்டுகிறதா பாருங்கள். 100 என்றால் கம்பியை மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் குறைந்தால், தேதியும் நேரமும் போட்டு நான்கைந்து நாள் எண்களைக் குறித்துக்கொண்டு நிறுவனத்திடம் கேளுங்கள். அங்கே பதில் இல்லையென்றால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் இருக்கிறது.

“லைன் ஸ்லோவா இருக்கு” என்றால், “ரௌட்டரை அடைத்துத் திறங்கள்” என்றுதான் பதில் வரும். “300-க்குக் காசு கட்டுகிறேன், கம்பியில் 90 மெகாபிட்தான் வருகிறது, ஐந்து நாள் கணக்கு இதோ” என்று சொல்லிப் பாருங்கள். பேச்சே வேறு மாதிரி போகும்.