கடைசிச் சொல்லிலிருந்து படிக்க வேண்டும்

நோட்டன் பிரிட்ஜ் பொலிஸ் ஸ்டேஷன். நான்கு சொற்கள், நான்கும் பெயர்கள். இடையில் வேற்றுமை உருபும் இல்லை, இணைப்புச் சொல்லும் இல்லை. ஆனாலும் ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வரை யாருக்கும் இதில் குழப்பம் வந்ததில்லை. இருப்பது ஒரு ஸ்டேஷன். ரயில் நிற்கும் ஸ்டேஷன் அல்ல, பொலிஸாருடையது. எந்த ஊரில்? நோட்டன் பிரிட்ஜில். கடைசிச் சொல்லில் தொடங்கிப் பின்னோக்கி வந்தால் பொருள் தானே விரிகிறது.

இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் சேர்ந்து ஒரே பெயராக நடப்பதை ஆங்கில இலக்கணம் கொம்பவுண்ட் நவுன் என்கிறது. இங்கே அதைக் கூட்டுப்பெயர் என்போம். இலக்கணக் கையேடுகள் பலவும் இதை எழுதும் முறையிலிருந்துதான் தொடங்குகின்றன. சேர்த்து எழுதுபவை, சிறுகோடு இட்டு எழுதுபவை, பிரித்து எழுதுபவை என்று மூன்று பட்டியல்கள் வரும். மாணவர் மூன்றையும் மனப்பாடம் செய்கிறார், பட்டியலில் இல்லாத ஒரு சொல் வந்தால் திகைக்கிறார். பொருளிலிருந்து தொடங்கினால் இந்தத் திகைப்பு குறையும்.

கூட்டுப்பெயரில் பொருளைத் தாங்கும் சொல்லைத் தலைச்சொல் எனலாம். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் கடைசியில் நிற்கும். டீ எஸ்டேட் என்பது ஒருவகை எஸ்டேட். எஸ்டேட் டீ என்பது ஒருவகை டீ. இடம் மாறினால் பொருளே மாறிவிடும். தமிழிலும் இதே வரிசைதான். 1969இல் அமைந்த சிலோன் எலெக்ட்ரிசிட்டி போர்ட் தமிழில் இலங்கை மின்சார சபை ஆனபோது மூன்று சொற்களும் தத்தம் இடத்திலேயே இருந்தன. ஆங்கில வாக்கியத்தின் சொல்வரிசை தமிழ் மாணவரைத் திண்டாட வைக்கும். கூட்டுப்பெயரில் அந்தத் திண்டாட்டம் இல்லை.

மலையகத்தார் இதைப் பள்ளிக்கூடம் போகாமலே செய்து காட்டியிருக்கிறார்கள். காலையில் ஆள் கூடும் இடத்துக்குப் பெரட்டுக்களம் என்று பெயர். பரேட் என்ற ஆங்கிலச் சொல்தான் பெரட்டு ஆயிற்று. லைன் என்பது லயமாகி, போர்த்துக்கேயர் வழி வந்த காம்பராவோடு சேர்ந்து லயக்காம்பரா ஆயிற்று. அந்நியச் சொற்கள்தாம், ஆனால் தலைச்சொல் கடைசியில் நிற்கிறது, நடுவில் ககர ஒற்றும் முறையாக மிகுந்திருக்கிறது.

அடுத்தது, சொற்களுக்கு நடுவே மறைந்திருக்கும் உறவு. டீ ஃபெக்டரி டீயை உற்பத்தி செய்யும் ஃபெக்டரி. டீ பேக் டீத்தூளை உள்ளே கொண்ட பை. டீ பிரேக் டீ குடிப்பதற்கான இடைவேளை. முதற்சொல் ஒன்றே, உறவோ மூன்று விதம். நம் இலக்கணத்தில் இதற்கு உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று பெயர். நீர்க்குடம் என்றால் நீரை உடைய குடம். ‘ஐ’ என்ற உருபும் ‘உடைய’ என்ற சொல்லும் மறைந்திருக்கின்றன. மறைந்ததைச் சில வேளை வழக்கு அறிந்தே நிரப்ப வேண்டும். தோட்டத்து டீமேக்கர் தேநீர் ஊற்றிக் கொடுப்பவர் அல்லர். கொழுந்தைத் தூளாக்கும் வேலை முழுவதற்கும் பொறுப்பான உத்தியோகத்தர் அவர்.

உறவு எப்போதும் மறைந்தே இருக்க வேண்டும் என்பதில்லை. டீகப் என்றால் டீ குடிக்கும் கோப்பை, அது வெறுமையாகவும் இருக்கலாம். கப் ஒஃப் டீ என்றால் உறவு ‘ஒஃப்’ என்று வெளிப்படையாகவே வருகிறது, உள்ளே டீ இருக்கிறது. கடையில் டீகப் ஒன்று கேட்டால் பீங்கானைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

தலைச்சொல் எப்போதும் கடைசியில்தானா என்றால், இல்லை. தொகைச்சொல்லின் பொருள் எங்கே நிற்கிறது என்ற கேள்வியைத் தொல்காப்பியம் எச்சவியலில் எழுப்புகிறது. நன்னூலும் அதைத் தொடர்கிறது. இரு சொற்களில் முன்னதிலோ பின்னதிலோ நிற்கலாம், எல்லாவற்றிலும் நிற்கலாம், சொற்களுக்குப் புறத்தேயும் நிற்கலாம். ஆங்கிலக் கூட்டுப்பெயர்களையும் இந்த நான்கு இடங்களில் வைத்துப் பார்க்கலாம். டீ எஸ்டேட் பின்சொல்லில் பொருள் நிற்பது. 1948 முதல் 1972 வரை இந்நாட்டில் இருந்த கவர்னர்-ஜெனரல் பதவியில் பொருள் முன்சொல்லில் நிற்கிறது, அவர் கவர்னர். சட்டத்தரணியைக் குறிக்கும் அட்டர்னி-அட்-லோவும் அப்படியே. சிங்கர்-சோங்ரைட்டர் பாடகருமாவார், பாட்டு எழுதுபவருமாவார். இங்கே இரு சொற்களிலும் பொருள் உண்டு. ஆனால் தமிழில் தாய்தந்தை என்றால் இரண்டு பேர், இவரோ ஒரே ஆள் என்ற வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பஸ் நெரிசலில் கைவரிசை காட்டும் பிக்பொக்கெட் ஒருவகைப் பொக்கெட் அல்ல, திருடன். பொருள் வெளியே நிற்கிறது. ‘பொற்றொடி வந்தாள்’ என்று நாம் படித்த அன்மொழித்தொகை இதுதான்.

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் பன்மை எளிது. பன்மை விகுதி தலைச்சொல்லைத் தேடிச் செல்லும். டீ எஸ்டேட்ஸ், லைன் ரூம்ஸ். ஆனால் கவர்னர்ஸ்-ஜெனரல், அட்டர்னீஸ்-அட்-லோ. பொருள் வெளியே நின்றால் விகுதி கடைசியில் ஒட்டிக்கொள்ளும்: பிக்பொக்கெட்ஸ். அடைமொழியாக வரும் முதற்சொல் பெரும்பாலும் ஒருமையில்தான் இருக்கும். நூறு ரூபாய் என்னும்போது ஹன்ட்ரட் ருபீஸ். நூறு ரூபாய்த் தாளோ ஹன்ட்ரட் ருபீ நோட். விதிவிலக்குகளும் உண்டு. பாடசாலை விளையாட்டுப் போட்டியை யாரும் ஸ்போர்ட் மீட் என்பதில்லை, ஸ்போர்ட்ஸ் மீட்தான். சிலோன் ஒர்க்கர்ஸ் காங்கிரஸ் என்பதில் உள்ள ‘ஸ்’ வேறு கதை. அது பன்மையோடு உடைமையையும் காட்டுவது. எழுத்தில் அதன்பின் மேற்குறி ஒன்று இட வேண்டும்.

இரு சொற்கள் ஒரு பெயராகிவிட்டதைத் தமிழில் பல இடங்களில் ஒற்று காட்டிக்கொடுக்கும். தேயிலைத் தோட்டம் என்பதில் உள்ள ‘த்’ அந்த வேலையைச் செய்கிறது. ஆங்கிலத்தில் அதைச் செய்வது குரல் அழுத்தம். நுவரெலியாப் பக்கம் காய்கறி பயிரிடும் கிரீன்ஹவுஸைச் சொல்லும்போது அழுத்தம் கிரீனில் விழும், ஹவுஸ் தாழும். பச்சை வண்ணம் பூசிய வீடு என்றால் ஹவுஸிலும் அழுத்தம் விழும். இதிலும் ஆங்கிலம் தன் குறும்பைக் காட்டும். தெருப்பெயர் ஸ்ட்ரீட் என்று முடிந்தால் அழுத்தம் முன்சொல்லில், ரோட் என்று முடிந்தால் ரோடில். ஏனென்று கேட்டால் வழக்கு என்பதே பதில்.

எழுதும் முறைக்கு உறுதியான விதி கிடையாது. நெடுநாள் புழங்கிய சிறு சொற்கள் ஒட்டிக்கொள்ளும் போக்கு உண்டு. டீபொட் ஒரே சொல், டீ ஃபெக்டரி இரண்டு சொல். சில சொற்களில் அகராதிகளே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஐயம் வந்தால் ஓர் அகராதியைப் பார்த்து, கட்டுரை முழுவதும் அதையே பின்பற்றினால் போதும்.

மலையகப் பாடசாலைகளில் தொகைநிலைத் தொடர்கள் தமிழ்ப் பாடத்திலும் கூட்டுப்பெயர்கள் ஆங்கிலப் பாடத்திலும் தனித்தனியே வருகின்றன. பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லும் அளவுக்கு இது பெரிய விடயமல்ல. இரு ஆசிரியர்களும் ஒரு பாடவேளையைச் சேர்ந்து எடுத்துப் பார்க்கலாம். ஒருவர் அன்மொழித்தொகையை எழுதட்டும், மற்றவர் பக்கத்திலேயே பிக்பொக்கெட் என்று எழுதட்டும்.