கசடு கல்லாகலாம், கல்லறையாகலாமா?

விடியுமுன்னே ஜோலார்பேட்டைச் சந்திப்பில் கூட்டம். கையிலே சோற்றுத் தூக்கு, கண்ணிலே தூக்கக் கலக்கம். வாணியம்பாடியில் சிலர், ஆம்பூரில் பலர் இறங்குவர். தோலோடு மாரடிக்கும் தோழர்கள்! அவர்கள் உழைப்பு காலணியாகிக் கடல் கடக்கிறது, காசாகித் திரும்புகிறது. கழிவு மட்டும் கடல் கடப்பதில்லை. பாலாற்றங்கரையிலேயே தங்கிவிடுகிறது!

கழிவுநீரைச் சுத்திகரித்தால் அடியிலே கசடு சேருகிறது. அதைக் களிமண்ணோடு கலந்து செங்கல் அறுக்கலாம் என்கின்றனர் ஆராய்ச்சியாளர்கள். வரவேற்கிறோம்! விஞ்ஞானத்தை வெறுப்பவர்களல்லர் நாம். ஆனால் ஒரு கேள்வி: அந்தக் கல் யார் வீட்டுச் சுவருக்கு?

ஏன் கேட்கிறோம்? கசட்டிலே கலந்திருப்பது வெறும் மண்ணல்ல, குரோமியம். தோல் பதனிடும்போது சேரும் குரோமியம் மூன்றாம் நிலையில் இருப்பது, தீமை குறைந்தது. அதையே காற்றுப் புகும் சூளையிலே சுட்டால், ஒரு பகுதி ஆறாம் நிலைக்கு மாறக்கூடும். அதுவோ புற்றுநோய் தரும் நஞ்சு. நீரிலே கரையும் நஞ்சு! மழையில் நனையும் சுவரிலிருந்து கசிந்தால், சேருமிடம் எது? நம் கிணறு!

கற்பனையா? இராணிப்பேட்டைக்குச் சென்று பாருங்கள். 1990களில் மூடப்பட்ட குரோமேட்டு ஆலை விட்டுச்சென்ற கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். ஆலை ஓய்ந்தது, நஞ்சு ஓயவில்லை.

அப்படியானால் கசட்டைத் தொட்டியிலே தேக்கி வைப்பதா? அதற்கும் இராணிப்பேட்டையே சாட்சி. 2015 ஜனவரி 31 அன்று சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். பிழைக்க வந்தவர்களைப் புதைத்தது கசடு!

தேக்கினாலும் ஆபத்து, தெரியாமல் சுட்டாலும் ஆபத்து. வழிதான் என்ன? பதனிடும் இடத்திலேயே குரோமியத்தைப் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்துக. மிஞ்சும் கசட்டைச் சூளையில் சுடுவதா, சிமெண்டிலே இறுக்குவதா என்று ஆய்ந்து முடிவு செய்க. ஒவ்வொரு தொகுதிக் கல்லிலும் நஞ்சு கசிகிறதா என்று சோதித்து, முடிவைத் தமிழிலே ஊரறிய ஒட்டுக. கசட்டைக் கையால் பிசையும் சூளைத் தொழிலாளிக்கு உறையும் முகமூடியும் மருத்துவச் சோதனையும் தருக. அபாயக் கழிவை அனுமதியின்றிப் பயன்படுத்தலாகாது என்று 2016ஆம் ஆண்டு விதிகளே கூறுகின்றனவே!

செலவு யாருடையது? மாசு செய்தவனே ஈடு செய்யவேண்டும் என்று வேலூர் வழக்கிலே 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியிலும் அதையே வலியுறுத்தியது. ஆகவே, ‘மலிவு விலைக் கல்’ என்ற பெயரால் முதலாளியின் சுமையை ஏழையின் சுவருக்குள் ஒளித்து வைக்க விடமாட்டோம்.

சோதனையிலே தேறிய கல்லால் முதல் சுவரை ஆலை அதிபர்கள் தங்கள் மாளிகைக்கு எழுப்பட்டும். அந்தச் சுவரோரம் அவர்கள் பிள்ளைகள் அச்சமின்றி உறங்கட்டும். அடுத்த கல்லை நாமே சுமந்து சென்று நம் குடிசைக்கு வைப்போம்!