பாரிஸ் கேமராக்கள் என்ன தேடின?

குட்டீஸ், 2024ல் பிரான்ஸ் தலைநகர் பாரிஸில் ஒலிம்பிக் நடந்தது நினைவிருக்கிறதா? மைதானத்தில் வீரர்கள் ஓடிய நேரத்தில், ரயில் நிலையங்களில் கேமராக்கள் வேறொரு வேலை பார்த்தன. எங்கே கூட்டம் நெரிகிறது, யார் கீழே விழுந்தார், யார் தடை செய்த இடத்தில் நுழைகிறார் என்று கம்ப்யூட்டர் கவனித்தது. கேமராக்கள் ஏற்கெனவே இருந்தவைதான், மென்பொருள்தான் புதுசு.

சாதாரண கேமரா படத்தில் மனித அசைவைக் கம்ப்யூட்டர் எப்படிப் புரிந்து கொள்கிறது?

ஸ்வீடன் நாட்டு உளவியல் அறிஞர் குன்னர் யோஹான்சன் 1973ல் ஒரு வேடிக்கையான சோதனையை வெளியிட்டார். ஒருவரின் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் போன்ற மூட்டுகளில் சிறு வெளிச்சப் புள்ளிகள் மட்டும் தெரியும்படி இருட்டில் படம் பிடித்தார். அசையாமல் நின்றபோது வெறும் புள்ளிகள். நடக்கத் தொடங்கியதுமே, "அட, ஆள் நடக்கிறார்!" என்று பார்த்தவர்களுக்குப் புரிந்து விட்டது.

கம்ப்யூட்டர் பயன்படுத்தும் முக்கியமான வழிகளில் ஒன்றும் இந்தப் புள்ளி விளையாட்டுதான். ஆனால், விளக்கு எதுவும் கட்ட வேண்டாம். மூட்டுகளை மனிதர்களே குறித்து வைத்த ஏராளமான படங்களைக் காட்டிப் பழக்குகிறார்கள். 2017ல் அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய 'ஓபன்போஸ்', ஒரே கேமரா படத்தில் பலருடைய மூட்டுகளைச் சேர்த்தே கண்டுபிடித்தது.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், திணறுவீர்கள். ஒற்றைக் கேமராவுக்கும் அதே கஷ்டம். எது கிட்டே, எது தூரம் என்று ஊகிக்கத்தான் வேண்டும். ஒருவர் இன்னொருவரை மறைத்தால் இன்னும் சிக்கல். பாரிஸிலும் பலன் கலவையாகத்தான் இருந்தது. தடை செய்த இடத்தில் நுழைபவரை நன்றாகவே பிடித்தது. அநாதையாகக் கிடக்கும் பையைக் கண்டுபிடிக்கச் சொன்னால் நிறைய பொய் எச்சரிக்கை!

இதற்காக 2023ல் பிரான்ஸ் தனிச் சட்டமே போட்டது. எட்டு வகை நிகழ்வுகளை மட்டும் தேடலாம்; முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணக் கூடாது; எச்சரிக்கை வந்தால் முடிவெடுப்பது மனிதர்தான். அப்படியும் உரிமை அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. இன்று கூட்டத்தைப் பார்ப்பது நாளை தனி ஆளைப் பார்க்காதா என்று கேட்டன. நியாயமான கேள்விதான். சீனாவில் 2018லேயே, முகம் தெரியாவிட்டாலும் நடையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் வந்து விட்டதே!

பள்ளிக்கூடத்துக்கும் விதி வந்திருக்கிறது. 2025 பிப்ரவரி 2 முதல், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மாணவரின் முகத்தையோ அசைவையோ வைத்து, 'இவன் கோபமாக இருக்கிறான், இவள் சோகமாக இருக்கிறாள்' என்று கம்ப்யூட்டர் கணிக்கத் தடை. மருத்துவம், பாதுகாப்புக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு. டீச்சர் பார்த்துக் கண்டுபிடித்தால், அதற்குத் தடை இல்லை!